படுவான்கரைக்கு யார் டொக்டர்? குடும்ப வைத்தியர் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும், அதன் வாவிக்கு மேற்கே உள்ள கிராமப்புறமான படுவான்கரையிலும், அம்பாறைக் கரையோரத்திலும் ஏ.எல். உயிரியல் படிக்கும் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், மருத்துவபீட மாணவர்கள், ஊர் ஆஸ்பத்திரிக்கு டொக்டர் கேட்டு அலைகிறவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். மாணவருக்குப் படிப்பிக்கிற ஒரு வைத்தியரின் பதில்கள் இவை. சில இடங்களில் சொந்த அபிப்பிராயமும் வரும்.

எம்.பி.பி.எஸ். முடித்த எல்லாரும் குடும்ப வைத்தியர்தானே?

சட்டப்படி பார்த்தால் கிட்டத்தட்ட அப்படித்தான். பட்டம் பெற்று, ஒரு வருட உள்ளகப் பயிற்சியையும் முடித்து, இலங்கை மருத்துவ சபையில் முழுப் பதிவு எடுத்த எவரும் சந்தியில் ஒரு டிஸ்பென்சரி திறக்கலாம். பலகையில் ‘குடும்ப வைத்தியர்’ என்று எழுதியும் போடலாம்.

ஆனால் குடும்ப மருத்துவம் என்பது தனித் துறை. அமெரிக்க மருத்துவர் பார்பரா ஸ்டார்ஃபீல்ட் அதற்கு நான்கு அடையாளங்கள் சொன்னார். வருத்தம் என்றதும் முதலில் போகக்கூடியவராக இருப்பது. அதே ஆளை வருடக்கணக்காகப் பார்ப்பது. குழந்தையின் சளியிலிருந்து கிழவரின் மூட்டு நோ, மனக்கவலை வரை எது வந்தாலும் பார்ப்பது. நாலாவது, மற்ற இடங்களில் கொடுத்த வைத்தியத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது.

நம் பக்கத்தில் அடிவாங்குவது இந்த நாலாவதுதான். வெல்லாவெளிப் பக்கத்து அம்மா ஒருவர் பையைத் திறக்கிறார் என்று வையுங்கள். சீனி வருத்தத்துக்கு ஒரு கிளினிக் கொப்பி, நெஞ்சுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. அதோடு காசு கட்டிச் சனல் பண்ணிப் பார்த்த டொக்டரின் துண்டு. எல்லாவற்றிலும் மருந்து எழுதியிருக்கும். அதில் இரண்டு ஒரே மருந்தாக இருக்கும், கம்பெனிப் பெயர்தான் வேறு. எழுதிய எல்லாரும் தங்கள் பங்கைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். அம்மாவுக்குத் தலைசுற்று. அந்தக் கொப்பிகளை மேசையில் பரப்பி, எதை நிற்பாட்டுவது, எதை வைப்பது என்று முடிவெடுக்க ஒருவர் வேண்டும். அவர்தான் குடும்ப வைத்தியர்.

வாட்டில் வருடக்கணக்காகப் படித்தவருக்கு இதெல்லாம் தெரியாதா?

1961இல் கெர் வைட் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் ஒரு கணக்குப் போட்டார்கள். 1000 பெரியவர்களை எடுத்தால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதோ ஒரு சுகவீனம் வருகிறது. 250 பேர் டொக்டரிடம் போகிறார்கள். 9 பேர் வாட்டில் சேர்க்கப்படுகிறார்கள். பல்கலைக்கழக ஆஸ்பத்திரி வரை போய்ச் சேர்பவர் ஒரே ஒருவர். கணக்கு அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் வைத்துப் போட்டது. ஆனாலும் மருத்துவக் கல்வியின் கோளாறு அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. அந்த ஒருவரை வைத்துத்தான் மாணவருக்குப் பெரும்பாலும் படிப்பிக்கிறோம். மீதி 249 பேரும் பிறகு கிராமத்து ஓ.பி.டி. (வெளிநோயாளர் பிரிவு) வரிசையில் அவர் முன்னால் வந்து நிற்கிறார்கள்.

காய்ச்சலை எடுங்கள். போதனா வைத்தியசாலை வாட்டில் கிடக்கும் பிள்ளைக்கு டெங்கு என்று இரத்தப் பரிசோதனை ஏற்கெனவே சொல்லிவிட்டது. மாணவர் அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைப் படிக்கிறார். வாகரையில் காலையில் வரும் காய்ச்சல்காரர்களுக்கு அது முதல் நாள். யாருக்கு என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாரையும் அம்புலன்ஸில் ஏற்றவும் முடியாது. இங்கே வேண்டியது வேறு திறமை. யாரை வீட்டுக்கு அனுப்பலாம், எந்த நாளில் திரும்ப வரச் சொல்வது, தாய்க்கு என்ன சொல்லி அனுப்புவது என்பதெல்லாம் அதில் அடங்கும். “காய்ச்சல் விட்டுப்போச்சு என்று பேசாமல் இருந்துவிடாதீங்க. அந்த நேரம்தான் கவனம். வயிறு நொந்தால், வாந்தி நிற்காவிட்டால், பிள்ளை சோர்ந்து கிடந்தால் உடனே கொண்டு வாங்க” என்று நின்று சொல்ல வேண்டும். இதை வாட்டில் இருந்தபடி பழக முடியாது.

சரி, இந்தப் பகுதிக்கென்று அவர் என்ன படிக்க வேண்டும்?

நிறைய இருக்கிறது. சிலதை மட்டும் சொல்கிறேன்.

வயற்காலத்தில் எலிக்காய்ச்சல் வரும். சேற்றில் இறங்குவதற்கு முன் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மூலம் டொக்சிசைக்கிளின் என்ற தடுப்புக் குளிசை கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. காய்ச்சலும் தசை நோவும் கண் சிவப்புமாக வருகிறவரிடம் “வயலுக்குப் போனீங்களா?” என்று கேட்க மறந்தால் பாதி விஷயம் போய்விட்டது.

மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு கிருமியால் மெலியோய்டோசிஸ் என்று ஒரு நோய் வருகிறது. மட்டக்களப்பிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள். சீனி வருத்தம் உள்ள விவசாயிகளை விரும்பிப் பிடிக்கும். நியூமோனியா போல, சயரோகம் போல, உள்ளே சீழ்க்கட்டி போல எப்படியும் வரும். வழக்கமான அன்ரிபயோட்டிக்குக்கு மசியாது. வாரக்கணக்கில் ஊசி, பிறகு மாதக்கணக்கில் குளிசை வேண்டும். நினைத்தால்தான் கண்டுபிடிக்கலாம். இங்கே பழகியவருக்குத்தான் நினைவு வரும்.

பாம்புக்கடி. வயல் வாடியில் தரையில் பாய் போட்டுப் படுப்பவரைக் கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் கடித்ததே தெரியாது. விடியற்காலையில் வயிற்று நோ என்று வருவார். வயிற்றை அமுக்கிப் பார்த்து அல்சர் மருந்து எழுதி அனுப்ப எவ்வளவோ வசதி. பழகின டொக்டர் முதலில் முகத்தைப் பார்ப்பார்: கண் இமை தொங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? அங்கேதான் ஓர் உயிர் நிற்கும்.

அப்புறம் தொழுநோய். வாவிக்குள் இருக்கும் மாந்தீவு ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது பழைய காலத்து நோய் என்று நினைப்பு. ஆனால் இலங்கையில் தொழுநோய் அதிகம் காணப்படும் இடங்களில் மட்டக்களப்பும் கல்முனைப் பக்கமும் இன்னும் இருக்கின்றன. முதுகில் வெளிறிய ஒரு படை. தேமல் என்று மாதக்கணக்கில் கிறீம் பூசுவார்கள். பயிற்சியில் நான் மாணவரிடம் கேட்பது ஒன்றே: பஞ்சைத் திரித்து அந்தப் படையில் தொடுங்கள், நோயாளி கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இடத்தைக் காட்டட்டும். பக்கத்துத் தோலில் சரியாகக் காட்டுகிறவர் படையில் தொட்டதும் பேசாமல் இருந்தால் விஷயம் விளங்கிவிடும். செலவில்லாத சோதனை. மருந்தும் இலவசம், 6 மாதமோ 12 மாதமோ எடுத்தால் சுகம். பிந்தினால் கைவிரல் மடங்கிவிடும்.

கடைசியாக, எந்தப் பரிசோதனையிலும் தெரியாத வருத்தங்கள். தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பெல்லாம் எரிவு என்று மாதத்துக்கு இரண்டு தரம் வரும் பெண். பனடோல் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். நுண்கடன்காரர் எந்தக் கிழமை வீட்டுக்கு வருவார் என்று கேட்டால் கதை வேறு பக்கம் திரும்பும். போரிலும் 2004 சுனாமியிலும் இழந்தவர்கள், கசிப்புக்கு அடிமையான கணவன், கட்டாரில் இருக்கும் மகன். இவற்றைக் கேட்கக் காது வேண்டும், நேரம் வேண்டும், கேட்டபின் என்ன செய்வது என்ற பயிற்சியும் வேண்டும். வெறும் இரக்கம் போதாது.

இலங்கையில் இதற்கு என்ன படிப்பு இருக்கிறது?

முதலில் 5 வருட எம்.பி.பி.எஸ்., பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. அதன்பின் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் குடும்ப மருத்துவ டிப்ளோமா இருக்கிறது, அது ஒரு வருடம். விசேட நிபுணராக வர விரும்புகிறவருக்கு அங்கேயே எம்.டி. இருக்கிறது. இலங்கைப் பொது வைத்தியர் கல்லூரி நடத்தும் எம்.சி.ஜி.பி. பரீட்சை இன்னொரு வழி.

மட்டக்களப்பிலேயே மருத்துவபீடம் இருக்கிறதே, அது போதாதா?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் நமக்குக் கிடைத்தது பெரிய விஷயம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டடம் எங்கே இருக்கிறது என்பதோடு இன்னும் இரண்டு கேள்வி உண்டு. உள்ளே வருவது யார்? படிக்கும்போது அவர்கள் எங்கே காலம் கழிக்கிறார்கள்?

முதல் கேள்வி. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருப்பவை. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது. மட்டக்களப்பு நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளையும் தாந்தாமலைப் பக்கத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில். படுவான்கரைப் பிள்ளை உயிரியல் படிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்கு வர வேண்டும். ரியூஷனுக்கு நகரத்தில் அறை எடுக்க வேண்டும். யார் வைத்தியராக வருவார் என்பது அங்கேயே பாதி முடிவாகிவிடுகிறது. கிராமத்தில் வளர்ந்தவர்தான் கிராமத்துக்குத் திரும்பிப் போக வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2010 வழிகாட்டல் சொன்னது, 2021இல் புதுப்பித்தபோதும் அதையே சொன்னது. அதனால் வைத்தியர் பயிற்சியின் முதல் படி மருத்துவபீடத்தில் இல்லை, ஏ.எல். விஞ்ஞான வகுப்பு இல்லாத கிராமத்துப் பாடசாலையில் இருக்கிறது என்பது என் வாதம். இதைச் சொன்னால் மருத்துவக் கூட்டங்களில் ‘அது கல்வித் திணைக்களத்து வேலை’ என்று தள்ளிவிடுவார்கள்.

இரண்டாவது கேள்விக்குக் கீழே வருகிறேன்.

வேறு நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

யப்பானில் 1972இல் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு மாகாணமும் தன் பிள்ளைகளைத் தெரிவுசெய்து அனுப்பும். படிப்புச் செலவு கடன். ஊருக்குத் திரும்பி 9 வருடம் சொன்ன இடத்தில் வேலை செய்தால் கடன் தள்ளுபடி. கனடாவின் வட ஒன்ராறியோ மருத்துவக் கல்லூரி 2005இல் திறந்தது. அங்கே மூன்றாம் வருட மாணவர் 8 மாதம் ஒரு சிறு நகரத்தில் குடியிருந்து குடும்ப வைத்தியரோடு சேர்ந்து படிக்கிறார்.

நம் நிலைமைக்குக் கிட்டத்தில் இருப்பது பிலிப்பைன்ஸின் சம்போவாங்கா. மோதல், வறுமை, பல மதத்தவர் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் என்று நம் கதைதான். வைத்தியர் இல்லாத அந்தப் பகுதிக்கென்று 1994இல் ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கினார்கள். மாணவர் நீண்ட காலம் கிராமங்களில் தங்கிப் படிக்கிறார்கள். பட்டம் பெற்றவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பகுதியிலேயே வேலை செய்கிறார்கள். பெரிய பணக்கார ஏற்பாடு இல்லாமல் நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

நம் ஆட்கள் வருத்தம் கடுமை என்றால் ஓடும் வேலூர் சி.எம்.சி.யிலும் மிஷன் ஆஸ்பத்திரிகள் அனுப்பும் மாணவரைச் சேர்த்து, படித்து முடித்ததும் தேவையுள்ள இடத்தில் 2 வருடம் சேவை செய்ய வைக்கிறார்கள். ஆஞ்சியோ எடுக்கப் போகும்போது இதையும் விசாரித்துக்கொண்டு வரலாம்.

இங்கே மாணவரை எங்கே வைத்துப் பழக்குவது?

இடம் இருக்கிறது. மகிழடித்தீவு, கரடியனாறு, வாகரை போன்ற ஊர்களின் வைத்தியசாலைகள், அவற்றுக்குக் கீழே ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகள், 2011 முதல் நடக்கும் சுகவாழ்வு நிலையங்கள். ஒரு நாள் பஸ்ஸில் கூட்டிப்போய், ஓ.பி.டி.யைச் சுற்றிக்காட்டி, சோறு கொடுத்துத் திருப்பி அனுப்புவதைச் சொல்லவில்லை. அது சுற்றுலா. மூன்று மாதமாவது அங்கேயே தங்க வேண்டும். முதல் வருடத்திலேயே ஒவ்வொரு மாணவருக்கும் சில குடும்பங்களை ஒப்படைத்து, பட்டம் பெறும்வரை அதே குடும்பங்களைப் பார்க்க வைக்க வேண்டும். முதல் வருடத்தில் கர்ப்பமாக இருந்தவரின் பிள்ளை இறுதி வருடத்தில் பாலர் பாடசாலைக்குப் போகும். அந்த வீட்டு அப்பப்பா அதற்குள் காலை இழந்திருக்கலாம், அல்லது மாணவர் கண்ட ஒரு சின்னப் புண்ணால் கால் தப்பியிருக்கலாம்.

படிப்பிப்பது டொக்டர் மட்டும் இல்லை. மிட்வைஃப் மிஸ்ஸியின் பின்னால் வீடு வீடாக ஒரு கிழமை போன மாணவருக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தெரிந்துவிடும். “மனே, அந்த வீட்டுக்கு மருந்து எழுதினாப் போதாது, மறுகா நான் சொல்றன்” என்று அவர் ஒழுங்கையில் நின்று சொல்வது விரிவுரை மண்டபத்தில் கிடைக்காது.

தடங்கல் ஒன்று உண்டு. ஒற்றை டொக்டர் இருக்கும் ஆஸ்பத்திரியில், நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, அவர் எப்போது மாணவருக்குப் படிப்பிப்பார்? இரண்டாவது டொக்டரைப் போடாமல் ‘கிராமியப் பயிற்சி’ என்று திட்டம் எழுதினால் அது காகிதத்திலேயே கிடக்கும்.

கட்டாயச் சேவை போட்டால் பிரச்சினை தீராதா?

வர வைக்கலாம், இருக்க வைக்க முடியாது. உள்ளகப் பயிற்சி முடிந்தவர்கள் திறமைப் பட்டியல்படி இடம் தெரிவுசெய்வதால் கடைசியில் மிஞ்சும் இடங்கள் எவையென்று எல்லாருக்கும் தெரியும். அப்படி வருகிறவருக்கு அந்த ஊர் தண்டனைபோலத் தெரிகிறது, ஊருக்கும் அது தெரிகிறது. 1971இல் வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமத்து வைத்தியர் ஜூலியன் டியூடர் ஹார்ட், தேவை கூடிய இடத்தில்தான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்று எழுதினார். பிறைவேட் வருமானம் எங்கே அதிகமோ அங்கே வைத்தியரும் அதிகம். கொழும்பையும் வாகரையையும் ஒப்பிட்டால் இன்றும் அதேதான்.

ஒழுகாத குவாட்டர்ஸ், குடிக்கத் தண்ணீர், லீவு எடுத்தால் பார்க்க இன்னொரு டொக்டர், சந்தேகம் வந்தால் போன் எடுத்துக் கேட்க ஒரு நிபுணர், மேற்படிப்புக்குப் போக அங்கே செய்த சேவைக்கு ஒரு மதிப்பு. இவை இருந்தால் பலர் இருப்பார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் நாட்டையே விட்டுப் போனார்கள். அதனால் இனி விரட்டிப் பிடிக்கும் வழி எடுபடாது.

பெண் வைத்தியர்கள் கிராமத்துக்கு வர மாட்டார்கள் என்கிறார்களே?

மருத்துவபீட மாணவரில் இப்போது பாதிக்கு மேல் பெண்கள். கிராமத்து ஆஸ்பத்திரி அவர்களுக்கு ஒத்துவராவிட்டால் பிழை ஆஸ்பத்திரியில்தான். குவாட்டர்ஸ் கதவுக்கு ஒழுங்கான பூட்டு, வளவுக்கு வேலி, இரவில் காவலாளி, பிள்ளையைப் பார்க்க ஓர் இடம். காத்தான்குடி, ஏறாவூர், பொத்துவில் போன்ற ஊர்களில் பெண் டொக்டர் இல்லையென்றால் வருத்தத்தைச் சொல்லாமலே வீட்டுக்குத் திரும்பும் பெண்கள் இருக்கிறார்கள். அங்கே இது வசதிக் கேள்வியே இல்லை.

தமிழ் தெரியாத டொக்டர் வந்தால் என்ன செய்வது?

வருவதே பெரிய காரியம்; அன்போடு வரவேற்க வேண்டும். ஆனால் இடையில் நின்று மொழிபெயர்க்கும் ஊழியர், அம்மா ஐந்து நிமிடம் சொன்னதை “காய்ச்சல், இருமல்” என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். நுண்கடன் கதை அதில் வராது. ஆகவே மொழிப் பயிற்சி நியமனத்துக்கு முன்பே நடக்க வேண்டும், அதுவும் நோயாளியோடு பேசும் மொழியில். தமிழ் வைத்தியர்களும் இதில் தப்ப முடியாது. அக்கரைப்பற்றுக்கு அங்காலே அளிக்கம்பையில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருக்கின்றன என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முந்தி அப்போத்திக்கரி ஐயாமார் பார்த்தார்களே?

எம்.பி.பி.எஸ். இல்லாமல், தனிப் பயிற்சி பெற்று ஊர் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்த உதவி வைத்தியர்கள் அவர்கள். பார்த்தார்கள், நன்றாகவே பார்த்தார்கள். அந்தப் பயிற்சி நிறுத்தப்பட்டுவிட்டது. ஊரோடு வருடக்கணக்காக இருந்ததுதான் அவர்களின் பலம்.

பரிகாரியாரிடம் போவதை டொக்டர் தடுக்க வேண்டுமா?

சுளுக்குக்கு எண்ணெய் போடுவதைத் தடுத்து யாருக்கு என்ன லாபம்? பாம்புக்கடியிலும் சீனிப் புண்ணிலும்தான் கறார் வேண்டும். கீறுவது, இறுக்கிக் கட்டுவது வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். அதையும் பரிகாரியாருடன் பேசி, “உங்களிடம் வந்தால் உடனே அனுப்பிவிடுங்கோ ஐயா” என்று சொல்லி வைக்கிற டொக்டர்தான் கெட்டிக்காரர்.

எல்லா வருத்தத்துக்கும் பெரியாஸ்பத்திரிக்கே போனால் நல்லதுதானே?

இலங்கையில் யாரும் துண்டு இல்லாமல் எந்த அரச ஆஸ்பத்திரி ஓ.பி.டி.க்கும் போகலாம், அதனால் எல்லாரும் போகிறோம். மண்டூரிலிருந்து குருமண்வெளித் துறைக்கு வந்து, பஸ் பிடித்து, மட்டக்களப்பில் வரிசையில் நின்று, பின்னேரம் திரும்பினால் ஒரு நாள் கூலி போயிற்று. கிடைப்பதும் ஊரில் கிடைக்கும் அதே மெட்ஃபோமின் என்ற சீனி வருத்தக் குளிசைதான். மண்முனைப் பாலம் 2014இல் திறந்ததிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் பயணம் லேசாகிவிட்டது, அதனால் உள்ளூர் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகிறவர்களும் கூடியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். நெஞ்சை அமுக்கும் நோ, திடீரென ஒரு பக்கம் வழங்காமல் போவது, மூச்சு முட்டுவது என்றால் மட்டும் யோசிக்காமல் ஓடுங்கள்.

மகள் குடும்ப வைத்தியராகத்தான் வருவேன் என்கிறாள். ஸ்பெஷலிஸ்ட் ஆகாமல் போகிறாளே?

எம்.டி. முடித்தால் அவளும் ஸ்பெஷலிஸ்ட்தான். சத்திரசிகிச்சை நிபுணர் அளவு காசு வராது, அதை மறைக்க மாட்டேன். கலியாணப் பேச்சில் “என்ன டொக்டர்?” என்று கேட்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள். மற்றபடி தடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு டொக்டர் இல்லை. யாரிடம் போவது?

கிராமத்து வைத்தியசாலைகள் மாகாண சபையின் கீழ் வருகின்றன. மட்டக்களப்பு மாவட்டம் என்றால் அங்குள்ள பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுதுங்கள். அம்பாறை மாவட்டத்தில் இரண்டு பணிமனை இருக்கிறது. கரையோர ஊர்களுக்குக் கல்முனை, உட்பகுதிக்கு அம்பாறை. பலர் மாறிப் போய் அலைகிறார்கள். வாயால் சொல்லாமல் கடிதமாகக் கொடுத்து, வைத்தியசாலை அபிவிருத்திக் குழு இருந்தால் அதன் பெயரில் கொடுத்து, பிரதியை மாகாண சுகாதாரப் பணிப்பாளருக்கும் அனுப்புங்கள். கடிதத்தில் டொக்டர் வேண்டும் என்று மட்டும் எழுதாமல் குவாட்டர்ஸ் எந்த நிலையில் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் எப்படி, ஓ.பி.டி.க்கு நாளுக்கு எத்தனை பேர் வருகிறார்கள், மழைக்காலத்தில் எந்தப் பாதை வெட்டுப்படுகிறது என்பதையும் எழுதுங்கள். குவாட்டர்ஸ் கூரையை ஊரே சேர்ந்து திருத்திக் கொடுக்க முடியும் என்றால் அதை முதல் வரியில் எழுதுங்கள்.